குறுக்கே போன சிறுத்தை

என் தாய்மாமன் பூனைக்கு வழிவிட்டு நிற்கிற மனிதர். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரு பூனை தெருவைத் தாண்டிவிட்டால் போதும், திரும்பி உள்ளே வந்துவிடுவார். செருப்பைக் கழற்றுவார், உட்காருவார், ஒரு செம்புத் தண்ணீர் குடிப்பார், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுப் புதிதாகக் கிளம்புவார். சந்தைக்கோ வயலுக்கோ போகிற நாளாக இருந்தால் அத்தோடு சரி. கல்யாணக் காரியம் என்றால் தண்ணீர் குடித்தாலும் தீராது. அன்றைக்குப் பயணம் ரத்து. அநேகமாக அந்தச் சம்பந்தமும் ரத்து.

இப்படித்தான் நான் முப்பது வயதை நெருங்கியும் கல்யாணம் ஆகாமல் இருந்தேன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. பரமக்குடியிலிருந்து முதுகுளத்தூர், கடலாடி வழியாகச் சாயல்குடி போகிற பஸ்ஸில் எனக்குக் கண்டக்டர் வேலை. காக்கிச் சட்டை, தோளில் தோல்பை, வாயில் விசில். பார்க்கச் சுமாராகத்தான் இருப்பேன், ஆனால் பெண் கொடுக்கமாட்டேன் என்று சொல்லும்படியான குறை ஒன்றும் கிடையாது. வந்த சம்பந்தங்களை எல்லாம் மாமாதான் தட்டிக் கழித்தார். ஒன்று காலிக்குடம் எதிரே வந்ததால் போனது. இன்னொன்று பல்லி சொன்னதால் போனது. நல்ல இடம் ஒன்று முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பூனையால் போனது. அந்தப் பூனையை எனக்கு நன்றாகத் தெரியும். டீக்கடைப் பூனை. நாங்கள் போகும்போதும் வரும்போதும் எங்கள் பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடும். அதற்காக டிரைவர் ஒருநாளும் வண்டியைத் திருப்பிக்கொண்டு பரமக்குடிக்குப் போனதில்லை.

மாமாவை நான் பழித்துப் பேசுவேனே தவிர, அவர் மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும். எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே என்னைப் பெற்ற அய்யா இறந்துவிட்டார். ஆத்தாவையும் அக்காவையும் என்னையும் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக்கொண்டவர் மாமா. அவருக்குப் பிறந்தது எல்லாம் ஆண்பிள்ளைகள். "எனக்கு ஒரு பொண்ணு இருந்திருந்தா ஒன் கையில பிடிச்சுக் குடுத்துட்டு நிம்மதியாப் படுத்திருப்பேன். இல்லாமப் போச்சே. அடுத்தவன் வீட்டுப் பொண்ண எடுக்கிறப்ப நாலையும் பாக்கணும்டா" என்பார். அவருடைய நாலில் மூன்று சகுனம்.

அந்த வருஷம் எனக்கு ஒரு பெண் மேல் ஆசை விழுந்துவிட்டது. சாயல்குடிக்கு இந்தப் பக்கம், பஸ் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு மிளகாய்க்காரர் வீட்டுப் பெண். அறுவடை முடிந்து அவளும் அவளுடைய அம்மாவும் வற்றல் மூட்டைகளோடு பரமக்குடி மண்டிக்கு வருவார்கள். வற்றல் மூட்டை உள்ளே ஏறினால் பஸ் முழுக்கத் தும்மும். அதனால் ஒருநாள் "மூட்டை மேல ஏறட்டும்" என்றேன்.

"மேல போட்டா மழையில நனைஞ்சிரும்" என்றாள் அவள்.

வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. "எங்கன இருக்கு மழை?" என்றேன்.

"வரும்" என்றாள்.

நான் கேட்கவில்லை. மூட்டைகள் மேலே ஏறின. கடலாடி தாண்டுவதற்குள் வானம் கறுத்து, பொத்துக்கொண்டு ஊற்றியது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, நானே மேலே ஏறி, நனைந்துகொண்டே மூட்டைகளை இறக்கி உள்ளே வைத்தேன். பஸ்ஸே தும்மியது. சொன்னேனா இல்லையா என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்ற என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான். அன்றைக்கு யாருக்கு எந்த ஊருக்கு டிக்கெட் கிழித்தேன் என்று எனக்கே தெரியாது.

அக்காவிடம் மட்டும் சொன்னேன். அக்கா கெட்டிக்காரி. யார் யாரையோ பிடித்து, அந்த வீட்டிலிருந்தே ஜாதகம் மாமா கைக்கு வரும்படி செய்துவிட்டாள். "நீ ஆசப்படுறேன்னு மாமாவுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா இன்னும் பயந்து பயந்து சகுனம் பாப்பாக" என்று என் வாயையும் கட்டிவிட்டாள். ஜாதகம் பொருந்தியது. வைகாசியில் ஒரு நல்ல நாள் குறித்தார்கள். பிடித்திருந்தால் அன்றைக்கே பூ வைத்துவிடுவது என்று பேச்சு.

அந்த நாளுக்காக மாமா செய்த ஏற்பாடுகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். நாங்கள் வாசலைத் தாண்டுகிற நேரத்துக்கு நிறைகுடத்தோடு எதிரே வரும்படி பக்கத்து வீட்டு அக்காவிடம் முதல்நாளே சொல்லி வைத்திருந்தார். பல்லி இருக்கிற உத்திரத்தை விளக்குமாற்றால் தட்டிவிடச் சொன்னார். என் அக்கா வீட்டுக்காரர், அதாவது மச்சான், விடிவதற்கு முன்பே தெருப் பூனைகளைப் பிடித்துக் கோழிப் பஞ்சாரத்துக்குள் போட்டு, மேலே அம்மிக்கல்லை ஏற்றிவிட்டார். கோழிகள் வெளியே நின்று வேடிக்கை பார்த்தன. நிறைகுடம் ததும்பத் ததும்ப எதிரே வந்தது. மாமா முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

ஒற்றைப்படையாக ஐந்து பேர் போனோம். மாமா, அத்தை, ஆத்தா, மச்சான், நான். எங்கள் பஸ்ஸில்தான் போனோம். டிரைவர் ரோட்டோரம் இறக்கிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார். அங்கிருந்து ஊருக்கு ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் உடைமரம். எங்கள் பக்கம் காடு என்றால் அதுதான், உடங்காடு. குடை விரித்த மாதிரி நிற்கிற முள்மரங்கள். இடையிடையே பனை. தரையில் வெள்ளைவெளேரென்று முள். பார்த்துத்தான் கால் வைக்க வேண்டும்.

மாமா முன்னால் போனார், கையில் மடக்கிய குடையோடு. அடுத்து நான். எனக்குப் பின்னால் மச்சான். அதற்குப் பின்னால் ஆத்தா. கடைசியாக அத்தை, பூவும் பழமும் வெற்றிலையும் வைத்த ஓலைப்பெட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு. மச்சான் என்னைக் கேலி செய்துகொண்டே வந்தார். புதுமாப்பிள்ளை நடை வந்துவிட்டதாம் எனக்கு. நான் அவரைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, முன்னால் போன மாமாவின் முதுகில் முட்டிக்கொண்டேன். அவர் நின்றுவிட்டிருந்தார்.

அந்த இடத்தில் பாதை ஒரு காய்ந்த ஓடைக்குள் இறங்கும். ஓடைக்கரை மேட்டில், பாதையின் நடுவில், ஒரு சிறுத்தை நின்றது.

எங்கள் சீமையில் சிறுத்தை கிடையாது. நரி உண்டு, கீரி உண்டு, நாட்டு நாய்கள் ஏராளம் உண்டு. சிறுத்தையை நான் காலண்டரில் பார்த்திருக்கிறேன். ஆனால் நேரில் பார்த்ததும் இது என்ன என்று சந்தேகமே வரவில்லை. ஒரு பஸ் நீளத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கும். காலண்டரில் மினுமினுப்பாக இருக்கும். இது தூசி படிந்து, விலா எலும்பு தெரிய, நெடுந்தூரம் நடந்து வந்த மாதிரி இருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. அவசரமே இல்லாமல் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. டிக்கெட் எடுத்தாச்சா என்று நான் ஆட்களைப் பார்ப்பேனே, அதே பார்வை. பார்க்கப்படுகிற பக்கத்தில் நிற்பது எவ்வளவு சங்கடம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பயந்தேன். நன்றாகவே பயந்தேன். ஓட வேண்டும் என்று தோன்றியது, கால்தான் என் பேச்சைக் கேட்கவில்லை. மச்சான் என் சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு என் முதுகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். ஆத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டது. அத்தை கண்ணை இறுக மூடி, ஓலைப்பெட்டியைக் கட்டிப்பிடித்து, அவர்கள் குலசாமியைக் கூப்பிட ஆரம்பித்தார். மாமா குடையோடு சேர்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

சிறுத்தை வாயைத் திறந்தது. போச்சு என்று நினைத்தேன். கொட்டாவி விட்டது. பிறகு பாதையை இடமிருந்து வலமாகத் தாண்டி, வலப்பக்கத்து உடைமரங்களுக்குள் நுழைந்தது. வால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்தது. பிறகு அதுவும் போய்விட்டது.

முதலில் பேசியது மாமாதான். உயிர் பிழைத்தோம் என்றோ, கடவுள் காப்பாற்றினார் என்றோ அவர் சொல்லவில்லை.

"குறுக்க போயிருச்சேடா" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பயம் பறந்துவிட்டது. மச்சான் என் முதுகிலிருந்து முகத்தை எடுத்து, "மாமா, அது பூனை இல்ல, புலி" என்றார்.

"இத்துனூண்டு பூனை போனாலே ஆகாதுங்கிறோம். இது எம்புட்டுப் பெரிய பூனை! சகுனமும் அம்புட்டுப் பெருசுதானே?"

"இடமிருந்து வலமாத்தானே மாமா போச்சு? அது நல்லதும்பாகளே" என்றேன் நான்.

"அது கருடனுக்கு. பூனை வகைக்கு இடமும் கிடையாது, வலமும் கிடையாது. திரும்புங்க எல்லாரும்."

திரும்பினோம். திரும்பினால், பஸ் ரோட்டுக்குப் போகிற பாதை வளைந்து அந்த வலப்பக்கத்து உடைமரங்களை ஒட்டித்தான் போகிறது. சகுனம் பின்னால் போகச் சொல்கிறது, சிறுத்தை பின்னால்தான் இருக்கிறது. மாமா ஒரு அடி பின்னால் வைத்தார். ஒரு அடி முன்னால் வைத்தார். அப்போது தலைக்கு மேலே இருந்து ஒரு குரல் வந்தது.

"அங்கன போகாதீக! அதுக்குள்ளதான் இருக்கு!"

அண்ணாந்து பார்த்தால், ஒரு பனையின் உச்சியில் மட்டைகளுக்கு நடுவே ஒரு பனையேறி உட்கார்ந்திருந்தார். பதனீர் இறக்க விடியக்காலையில் ஏறினவர். இறங்கப் போகும்போது கீழே இது நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. அப்படியே மேலே தங்கிவிட்டார். "காலையிலேர்ந்து இப்படிப் போகுது, அப்படி வருது. எனக்குக் காலெல்லாம் மரத்துப் போச்சு. நீங்க அஞ்சு பேரும் செத்த அடியில நில்லுங்க, எறங்கிர்றேன்" என்று கெஞ்சினார். நாங்கள் பனையைச் சுற்றி நின்றோம். அவர் இறங்கி வந்து, நன்றிக்காகவோ பயத்துக்காகவோ, தன் கலயத்திலிருந்து எங்களுக்குப் பதனீர் ஊற்றினார்.

மாமாவுக்கு அதைப் பார்த்ததும் ஒரு யோசனை. உட்கார்ந்து தண்ணீர் குடித்தால் சின்னச் சகுனங்கள் தீரும் அல்லவா? உட்காரத்தான் அந்த இடத்தில் யாருக்கும் தைரியம் இல்லை. மாமா நின்றபடியே, மடித்த பனையோலைப் பட்டை நிறையப் பதனீர் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடி யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"மத்த காரியத்துக்குச் சரி. கல்யாணக் காரியத்துக்கு இது செல்லாது. இப்ப நாம முன்னாடி போறது சம்பந்தம் பேச இல்ல, உசுரக் காப்பாத்திக்க. போவோம், ஒரு வாய் காப்பி குடிப்போம், ஆள் துணையோட திரும்பிருவோம். பூ வைக்க வேண்டாம். அந்த வீட்டுல யாரும் சகுனத்தப் பத்தி மூச்சு விடக்கூடாது. பொண்ணப் பெத்தவுக மனசு நோகும்."

ஆத்தா அண்ணன் பேச்சைத் தட்டாது. மச்சான் என்னைப் பார்த்தார், அவர் முகத்தில் கேலி இல்லை. டீக்கடைப் பூனையில் தொடங்கி இத்தனை வருஷம் பொறுத்தவன், இந்த ஒன்றையாவது கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அக்கா கட்டிவைத்த வாய் திறக்கவில்லை. பனையேறி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவர், "நான் முன்னாடி போய்ச் சேதி சொல்றேன்" என்று கலயங்களைத் தூக்கிக்கொண்டு குறுக்கு வழியில் ஓட்டமாக ஓடினார்.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஊரே அந்த வீட்டு முன்னால் கூடியிருந்தது. முற்றம் முழுக்கக் காம்பு கிள்ளப் போட்டிருந்த வற்றல். நடுவில் இடம் ஒதுக்கிக் கயிற்றுக் கட்டிலைப் போட்டு மாமாவை உட்கார வைத்தார்கள். பெண்ணின் அப்பா பதறிப்போய் இருந்தார். கை கால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று எங்களை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்க்காத குறை. பெண் பார்க்க வந்தவர்களைப் பெண்வீட்டார் இப்படிப் பார்த்து அன்றைக்குத்தான் கண்டேன்.

"என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றார் அவர்.

மாமாவுக்குச் சிக்கல். குறுக்கே போனது என்று சொல்லக்கூடாது, அவரே போட்ட உத்தரவு. அதை விட்டுவிட்டுக் கதையை எப்படி முடிப்பது? "வந்துச்சு. நின்னுச்சு. நாங்களும் நின்னோம்" என்று மட்டும் சொன்னார்.

"பெறகு?"

"கையில குடை இருந்துச்சு."

கூட்டம் குடையைப் பார்த்தது. யாரோ ஒருவர் அதை வாங்கித் தூக்கிப் பார்த்தார். "இந்தக் குடையாலயா!" என்றார் இன்னொருவர். வயலிலிருந்து நாலு பேர் வேர்த்து விறுவிறுக்க ஓடி வந்தார்கள். அவர்களுக்காக மறுபடியும் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த முறை மாமா குடையை ஓங்கினார். அடுத்து வந்தவர்களுக்குச் சொன்னபோது எழுந்தே நின்றுவிட்டார். "ஓங்கி ஒரு அதட்டுப் போட்டேன் பாருங்க. வந்த வழியே திரும்பி ஓடியே போயிருச்சு!" ஊர் வாயைப் பிளந்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்த அத்தை, பாதையில் அவரே சொன்னதைக்கூட மறந்து, அதை முழுசாக நம்பிவிட்டார். புருஷனைப் பார்த்த அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். முந்தானைக்குள் இருந்த ஆத்தாவும் நம்பியது. என் முதுகுக்குள் இருந்த மச்சான்கூட, "ஆமா, அதட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு" என்றார். சிறுத்தை குறுக்கே போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் அந்த முற்றத்தில் இரண்டே பேர். மாமா, நான்.

கதை முடிந்ததும் மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். எனக்கு அந்த அடையாளம் தெரியும். கிளம்பப் போகிறார். "அப்ப நாங்க ஊருக்குப் போயி தகவல் சொல்லி அனுப்புறோம்" என்பார். எத்தனை வீடுகளில் அந்த வாசகத்தைக் கேட்டிருக்கிறேன்!

அப்போது அவள் கருப்பட்டிக் காப்பியோடு வந்தாள். தலை குனிந்தபடி மாமாவிடம் டம்ளரை நீட்டினாள். வாங்கிக்கொண்டார். வழக்கப்படி அவள் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை.

"அப்ப அது குறுக்க போகலைங்களாய்யா?" என்றாள்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுவது அந்தக் காலத்தில் கிடையாது. "ஏ புள்ள!" என்று அவள் அப்பா அதட்டினார். அவள் நகரவில்லை. மாமாவின் டம்ளர் பாதி வழியில் நின்றது. அவர் குடையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அத்தை ஒரு தும்மல் போட்டார். நல்ல காரியம் பேசும்போது தும்மினால் மாமா எழுந்து போய்விடுவார். வற்றல் காய்கிற முற்றத்தில் தும்மலையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் அந்த ஊரில் ஒரு கல்யாணமும் நடக்காதுதான். ஆனால் மாமா அந்த மாதிரிச் சலுகை கொடுக்கிறவர் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"போகலை தாயி" என்றார் மாமா. "குறுக்க போகலை."

பிறகு அத்தை பக்கம் திரும்பி, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? பெட்டிய எடு, பூவ வையி" என்றார்.

நான் கண்ணைத் திறந்தபோது அவள் தலையில் பூ இருந்தது. மழை பெய்த அன்றைக்குப் பஸ்ஸில் பார்த்தாளே, அதே பார்வையை ஒரே ஒரு தடவை என் பக்கம் வீசிவிட்டு உள்ளே போனாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வற்றலில் ஒரு கை அள்ளிக் காம்பு கிள்ள ஆரம்பித்துவிட்டேன் என்று மச்சான் பிற்பாடு ஊர் பூராவும் சொல்லித் திரிந்தார். அதே கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதது உண்மைதான். எல்லோரும் மிளகாயால் என்று நினைத்துக்கொண்டார்கள். பாதிதான் மிளகாய்.

சாப்பாடெல்லாம் முடிந்து, ஊர் ஆண்கள் தகர டப்பாக்களைத் தட்டிக்கொண்டு எங்களை பஸ் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்கள். சிறுத்தை கண்ணில் படவில்லை. அன்றைக்கு அடித்த சத்தத்துக்கு அது மேற்கே மலைக்கே போயிருக்கும். அதற்குப் பிறகும் யாரும் அதைப் பார்த்ததாகச் சொல்லவில்லை.

பஸ் வரும்வரை மாமா என்னை மைல்கல் பக்கம் தனியாகக் கூட்டிப் போனார்.

"ஏலே, அது குறுக்கதான் போச்சு."

"தெரியும் மாமா."

"வாலு போற வரைக்கும் பாத்தேன்."

"நானும் பாத்தேன். பெறகு ஏன் மாமா அப்படிச் சொன்னீக?"

அவர் குடையால் தரையைக் கிளறிக்கொண்டே இருந்தார். "அந்தப் புள்ள கேட்டப்ப ஒன் மூஞ்சியப் பாத்தேன்டா. ஒங்கய்யா செத்த அன்னைக்கு என் இடுப்புல ஒக்காந்துக்கிட்டு, அய்யா எப்ப வருவாகன்னு கேட்டு இதே மாதிரிதான் என்னப் பாத்த. அன்னைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. இன்னைக்குச் சொல்ல முடிஞ்சுச்சு, சொல்லிட்டேன்." உடங்காட்டைப் பார்த்துக் கைகூப்பினார். "பொய் சொன்னவன் நான். வாரது எதுவா இருந்தாலும் என் தலையில வரட்டும். இதுக மேல போகக்கூடாது."

அவர் அதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நாங்கள் சிரிக்கிற சகுனத்தை அவர் நெஞ்சோடு நம்பினார். நம்பிக்கொண்டேதான் எனக்காக அதை மீறினார். அத்தனை வருஷம் அவர் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரி கத்திக் காட்டியவன் நான். அன்றைக்கு அவர் காலில் விழ வேண்டும் போல இருந்தது. விழுவதற்குள் பஸ் வந்துவிட்டது, டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. பரமக்குடியில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு எடுத்தோம். பிள்ளைகள் பிறந்தார்கள். எங்கள் வீட்டில் ஒரு குழந்தை தும்மினால் மாமா முதல் பஸ்ஸில் வந்து இறங்குவார். யார் அவருக்குச் சொல்வார்கள் என்றே தெரியாது. சளி, வயிற்றுப்போக்கு, முட்டியில் சிராய்ப்பு, எதுவானாலும் சரி, "ஒண்ணும் இல்லையே? ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழைவார். "எங்க வீட்டு ஆளுக கூட இப்படி வாரதில்ல. ஒங்க மாமாவுக்கு மட்டும் ஏன் இப்படிப் பதறுது?" என்று என் மனைவி கேட்பாள். பாசம் என்று சொல்லிவைப்பேன். மைல்கல் பக்கத்தில் பேசியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூத்தவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் அவனுக்கு விடாத காய்ச்சல். டாக்டர் ஊசி போட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். மாமா நம்பவில்லை. பையன் பக்கத்தில் உட்கார்ந்து, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, "என் தலையில போடுன்னுதானே சொன்னேன். புள்ளைய விட்ரு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுவந்த என் மனைவி கதவருகிலேயே நின்றுவிட்டாள். பிறகு வந்து டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"பெரியய்யா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்கு அது குறுக்க போச்சுன்னு எனக்குத் தெரியும்."

மாமா என்னை முறைத்தார். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். எனக்கே அது புதுச் செய்தி.

"இவுக சொல்லலை. அந்தப் பனையேறி அண்ணன் நீங்க வாரதுக்கு முன்னாடியே எங்க வீட்டுப் பின்வாசல்ல வந்து எங்கிட்ட மட்டும் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. குறுக்க போனதையும் சொன்னாரு. நீங்க பூ வைக்காமத் திரும்பப் போறதையும் சொன்னாரு."

"அப்ப தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டியா?"

"நீங்க புலிய வெரட்டுன கதைய உள்ள நின்னு கேட்டேன். வந்த வழியே ஓடிப்போச்சுன்னு ஊருக்கே சொல்றீக. சரி, அப்ப அதையே கேட்டுருவோம்னு வந்துட்டேன். எனக்கு வேற வழி தெரியலை."

"எதுக்குத் தாயி?"

அவள் என்னைக் கை காட்டினாள். "மழையில நனைஞ்சுக்கிட்டு எங்க மூட்டைய இவுகதானே எறக்கி வச்சாக. வேற கண்டக்டரா இருந்தா விசில ஊதிட்டுப் போயிருப்பாக."

எத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பொய்ய நீங்க சொன்னீக, சொல்ல வச்சது நான்" என்றாள் அவள் மாமாவிடம். "வாரதா இருந்தா ரெண்டு பேர் தலையிலயும்தான் வரணும். நீங்க ஒத்தையில சொமக்காதீக."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. பிறகு பார்த்தால் சிரிக்கிறார். பையன் விழித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். "அந்தச் சிறுத்தையே தேவலைடா ஒனக்கு" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இடமிருந்து வலமாத்தானே போச்சு? பெரிய பூனைக்கு அது நல்லதுதான் போல" என்றார். அதற்குப் பிறகு அதையே சட்டமாக வைத்துக்கொண்டார். சின்னப் பூனை குறுக்கே போனால் ஆகாது. சிறுத்தை போனால் சம்பந்தம் நிலைக்கும்.

இனி அவர் ஓடி வரமாட்டார் என்று நினைத்தேன். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அடுத்த மாதம் சின்னவளுக்கு லேசாக இருமல். மறுநாள் முதல் பஸ்ஸில் மாமா வந்து இறங்கினார், குடையும் கையுமாக.

"இப்ப என்ன மாமா பயம்?" என்றேன்.

"பயமா? எனக்கென்னடா பயம்? புள்ளைகளப் பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, என்னைத் தாண்டி உள்ளே போய்க் காப்பி கேட்டார்.